ஒரே மலை, நான்கு பந்தயம்: ஆல்பைன் பனிச்சறுக்கில் யார் முழுமையான வீரர்?

#1 செந்தில்_கோவை

வணக்கம் நண்பர்களே. ஆல்பைன் பனிச்சறுக்கு உலகக் கோப்பையை இப்போதுதான் விடாமல் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயண்ட் ஸ்லாலம், ஸ்லாலம் என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். நான்கிலும் மேலே இருந்து கீழே வருகிறார்கள், கம்பங்களைத் தாண்டுகிறார்கள், நேரம் குறைந்தவர் ஜெயிக்கிறார். ஆனால் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் மூன்று வகையில் கொடி கட்டிப் பறக்கிறார், ஸ்லாலத்தில் மட்டும் பெயரே இல்லை. ஸ்லாலத்தில் கலக்குகிறவர்களை டவுன்ஹில் பட்டியலில் தேடினாலும் கிடைப்பதில்லை. ஒரே விளையாட்டில் எப்படி இவ்வளவு இடைவெளி? இந்த நான்கில் எதில் ஜெயிப்பவரை உண்மையிலேயே சிறந்த ஸ்கீ வீரர் என்று சொல்வீர்கள்?

#2 இன்ஸ்புருக்_ராஜன்

செந்தில், நல்ல கேள்வி. இங்கே ஒரு ஸ்கீ கிளப்பில் குளிர்கால வார இறுதிகளில் கேட் நடுவராக நிற்கிறேன் (கேட் என்பது வீரர் கடந்தாக வேண்டிய கம்ப வாசல்). அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்லாலம்தான் நால்வகையில் குட்டையானது. ஆண்களுக்குப் பெரிய போட்டிகளில் செங்குத்து உயர இறக்கம் 180 முதல் 220 மீட்டர். ஒரு கேட்டிலிருந்து அடுத்ததற்குச் சில மீட்டர்தான். ஸ்கீயும் குட்டை: ஆண்களுக்குக் குறைந்தபட்சம் 165 செ.மீ., பெண்களுக்கு 155. கம்பம் அடியில் மடங்கக்கூடியது. அதை முழங்காலுக்குக் கீழே கட்டிய கவசத்தாலும் கையாலும் அடித்துச் சாய்த்துக்கொண்டே நேர்கோட்டுக்கு எவ்வளவு பக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு பக்கமாகப் போவார்கள். உடல் கம்பத்தின் மேல் போகலாம். ஆனால் இரண்டு ஸ்கீ முனைகளும் இரண்டு பாதங்களும் கேட் கோட்டைக் கடந்திருக்க வேண்டும். நடுவராக நான் கண் இமைக்காமல் பார்ப்பது அதை மட்டும்தான். ஒரு ஸ்கீ கம்பத்துக்கு அந்தப் பக்கம், இன்னொன்று இந்தப் பக்கம் என்று போய்விட்டால் கதை முடிந்தது.

ஜயண்ட் ஸ்லாலத்தில் கேட் அகலமாகிறது, கம்பங்களுக்கு இடையே துணி இருக்கும், வேகம் கூடுகிறது. இந்த இரண்டிலும் ஒரே நாளில் இரண்டு ரன், இரண்டு ரன்னுக்கும் வெவ்வேறு கேட் அமைப்பு, நேரத்தைக் கூட்டுவார்கள். உலகக் கோப்பையில் முதல் ரன்னின் முதல் 30 பேர் மட்டும் இரண்டாவதுக்கு வருவார்கள்; 30-ஆவது ஆள் முதலில், முதலாமவர் கடைசியில். பரபரப்பு கடைசி நிமிடம் வரை நிற்பது அதனால்தான்.

டவுன்ஹில், சூப்பர்-ஜி இரண்டும் வேக வகைகள். ஒரே ஒரு ரன். டவுன்ஹில்லில் ஆண்களின் ஸ்கீ 218 செ.மீ. நீளம், பெரிய தடங்களில் உயர இறக்கம் 800 மீட்டருக்கு மேல். பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் முழுத் தடத்திலும் பயிற்சி ஓட்டம் கட்டாயம்.

சூப்பர்-ஜியைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். வேகம் டவுன்ஹில்லுக்குச் சற்றுக் குறைவு, வளைவு கூடுதல். ஆனால் பயிற்சி ஓட்டமே கிடையாது. காலையில் கேட்களின் ஓரமாக மெல்லச் சறுக்கிப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். எந்த மேட்டைத் தாண்டினால் அடுத்த கேட் கண்ணுக்குத் தெரியாது, அங்கே எந்தத் திசையை நோக்கிக் குதிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அந்த மனப்பாடத்தை நம்பி இறங்க வேண்டும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அன்னா வெய்த்தான் தங்கம் வென்றார் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு, செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா 26-ஆம் எண்ணில் இறங்கி 0.01 விநாடி வித்தியாசத்தில் தங்கத்தைத் தட்டிச் சென்றது இந்த சூப்பர்-ஜியில்தான். அதே ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிலும் அவருக்குத் தங்கம்.

#3 பெர்ன்_மயூரன்

ராஜன் அண்ணா எல்லாத்தையும் வடிவா விளங்கப்படுத்தியிருக்கிறார். ஆனா ஒண்டு சொல்லவேணும். ஆர் பெரிய ஆள் எண்டு கேட்டா, டவுன்ஹில் வெல்லுறவன்தான். நான் பெர்னில வளர்ந்தனான். ஜனவரி வந்தா இஞ்ச பள்ளிக்கூடத்திலயிருந்து பேக்கரி வரைக்கும் எல்லாரும் லாபர்ஹோர்ன் டவுன்ஹில் பற்றித்தான் கதைப்பினம்.

வெங்கன்ல அந்தத் தடம் நாலரைக் கிலோமீட்டருக்குக் கிட்ட. உலகக் கோப்பையில இதைவிட நீளமான டவுன்ஹில் இல்லை. கிட்டத்தட்ட இரண்டரை நிமிசம். ஹுண்ட்ஷோப்ஃப் எண்ட இடத்தில இரண்டு பாறைக்கு நடுவில பாயவேணும். அதுக்குப் பிறகு ஒடுக்கமான வளைவு, பிறகு ரயில் பாலத்துக்குக் கீழால போகவேணும். ஹானெக்ஷூஸ் எண்ட நேர் இறக்கத்தில 2013-ல பிரான்சின்ர ஜோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் போனவர். இவ்வளவும் முடிஞ்சு கால் நெருப்பா எரியேக்க கடைசியில ஒரு S வளைவு இருக்கு. 1991-ல ஒஸ்ட்ரியாவின்ர இருபது வயசுப் பெடியன் கெர்னோட் ரைன்ஸ்டாட்லர் அதிலதான் விழுந்து உயிரை விட்டவர். பாதுகாப்பு வலை பற்றின யோசனையே அதுக்குப் பிறகு மாறினது.

ஸ்லாலத்தில பிழை விட்டா போட்டியை இழக்கிறியள். டவுன்ஹில்லில பிழை விட்டா என்ன இழப்பியள் எண்டு உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்தை வெண்டு வாறவனைத்தான் நான் பெரிய ஆள் எண்டு சொல்லுவன்.

#4 மலர்விழி_திருச்சி

மயூரன் தம்பி சொல்வதில் உணர்வு இருக்கிறது, மறுக்கவில்லை. நான் இயற்பியல் ஆசிரியை, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

வளைவில் வீரரை உள்நோக்கி இழுக்க வேண்டிய முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும். ஸ்லாலத்தில் விநாடிக்கு 11 மீட்டர் வேகம், 8 மீட்டர் ஆரம் என்று வைத்தால் 15. ஜயண்ட் ஸ்லாலத்தில் விநாடிக்கு 19 மீட்டர், 20 மீட்டர் ஆரம் என்றால் 18. டவுன்ஹில்லில் விநாடிக்கு 33 மீட்டர், 60 மீட்டர் ஆரம் என்றால் அதுவும் 18. உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான், ஆனாலும் பாருங்கள்: வேகம் மூன்று மடங்கானாலும் காலில் வரும் பாரம் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கிறது! மனிதக் காலும் பனியும் தாங்கக்கூடியது இவ்வளவுதான் என்பதால், கேட் அமைப்பவர்கள் வேகம் கூடக்கூட வளைவைப் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்தப் பாரம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை முறை மாறுகிறது என்பதில். ஸ்லாலத்தில் ஒரு விநாடிக்குள் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றியாக வேண்டும், ஒரு நிமிடம் நிற்காமல். டவுன்ஹில்லில் ஒரே வளைவை மூன்று, நான்கு விநாடி இறுகப் பிடித்து நிற்க வேண்டும், நடுவே காற்றுத் தடையைக் குறைக்கக் குந்தியே இருக்க வேண்டும். தசைக்கு இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். டவுன்ஹில்லில் உடல் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் லாபம். ஸ்லாலத்தில் அதே எடை ஒவ்வொரு திருப்பத்திலும் சுமை.

வயதைப் பாருங்கள். மிக்கேலா ஷிஃப்ரின் 2014 சோச்சியில் ஸ்லாலம் தங்கம் வென்றபோது வயது 18. மயூரன் சொன்ன அதே கிளாரே 2022 பெய்ஜிங்கில் டவுன்ஹில் வெள்ளி வென்றபோது வயது 41. தடத்தின் ஒவ்வொரு மேடும் உடம்பில் பதிய வருடங்கள் வேண்டும் என்று தோன்றுகிறது.

#5 இன்ஸ்புருக்_ராஜன்

மலர்விழி அக்கா, அருமை. இதை எங்கள் கிளப் பயிற்சியாளரிடம் காட்டப் போகிறேன்.

நடுவில் நிற்கும் ஜயண்ட் ஸ்லாலத்துக்காக நான் வாதாட வேண்டும். செந்திலின் கேள்விக்கு என் பதில் அதுதான். மார்செல் ஹிர்ஷர் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை ஒட்டுமொத்தக் கோப்பை வென்றது ஸ்லாலத்தையும் ஜயண்ட் ஸ்லாலத்தையும் வைத்து. ஓடர்மாட் வெல்வது டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயண்ட் ஸ்லாலம் மூன்றையும் வைத்து. இரண்டு பேருக்கும் பொதுவானது எது? ஜயண்ட் ஸ்லாலம். அந்தத் திருப்பம் கைவந்தவர் வேக வகைகளுக்கும் போகலாம், ஸ்லாலத்துக்கும் போகலாம்.

அதில் உத்தி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012 சம்பவம் ஒன்று. முழங்கால் காயங்களைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பு ஆண்களின் ஜயண்ட் ஸ்லாலம் ஸ்கீயின் பக்க வளைவு ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக உயர்த்தியது. அதாவது ஸ்கீ தானாகத் திரும்பாது, நீங்கள்தான் திருப்ப வேண்டும். அமெரிக்காவின் டெட் லிகெட்டி அந்த விதியை வெளிப்படையாக, கடுமையாக எதிர்த்தார். சீசன் தொடங்கியது. சோல்டனில் முதல் பந்தயம், புது ஸ்கீ. லிகெட்டி 2.75 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார்! நூறில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டு இது. மற்றவர்கள் ஸ்கீயைப் பக்கவாட்டில் தேய்த்துத் திருப்பித் திணறியபோது, அவர் இடுப்பு பனியைத் தொடுமளவு சாய்ந்து, முந்தின கேட்டிலேயே திருப்பத்தைத் தொடங்கிவிட்டார். அதே குளிர்காலத்தில் ஷ்லாட்மிங் உலகப் போட்டியில் ஜயண்ட் ஸ்லாலம், சூப்பர்-ஜி, சூப்பர் கம்பைண்ட் (ஒரு வேக ரன்னும் ஒரு ஸ்லாலம் ரன்னும் சேர்ந்தது) என்று மூன்று தங்கம். பின்னர் 2017-இல் ஆரத்தை 30 மீட்டருக்கு இறக்கினார்கள்.

#6 நூலகர்_தாஸ்

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லோரும் பிரிந்து கிடக்கும் வகைகளில் எது பெரியது என்று பேசுகிறீர்கள். இவை பிரிந்தே பிறந்தவை அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நவீன ஸ்லாலத்தை வகுத்தவர் ஆர்னால்ட் லன். பிறந்த ஊர் நம் சென்னை, 1888. தந்தை ஹென்றி லன் மெதடிஸ்ட் மிஷனரியாக இங்கே வந்த மருத்துவர். மகன் வளர்ந்தது இங்கிலாந்திலும் ஆல்ப்ஸிலும். 1911-இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் காந்தகார் ராபர்ட்ஸ் பிரபுவின் பெயரில் ஒரு கோப்பைக்கு டவுன்ஹில் பந்தயம் நடத்தினார். பனியாற்றின் மேலிருந்து, போட்ட தடம் எதுவும் இல்லாமல். பிறகு 1922-இல் ம்யூரனில் கொடிகளை நட்டு ஸ்லாலம். அதற்கு முன்பும் ஆஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி 1905-இலேயே கேட் வைத்துப் பந்தயம் நடத்தியிருக்கிறார். லன் சேர்த்தது நேரம் ஒன்றே அளவுகோல் என்ற கொள்கை. அழகாகத் திரும்பினாயா என்பதற்கு மதிப்பெண் இல்லை, சீக்கிரம் வந்தாயா என்பதுதான்.

ஏன் ஸ்லாலம் வேண்டும் என்று நினைத்தார்? மலையில் இறங்குபவன் திறந்த வெளியில் வேகமாகவும் வரவேண்டும், மரங்களுக்கு நடுவே நுணுக்கமாகவும் திரும்ப வேண்டும். கொடிகள் அந்த மரங்களுக்குப் பதிலாக நடப்பட்டவை. ஒரு மனிதனின் இரண்டு திறமைகளைச் சோதிக்க இரண்டு தேர்வுகள். அதனால்தான் 1936-இல் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனில் ஆல்பைன் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது இருந்த ஒரே பதக்கம் கம்பைண்ட்: ஒரே ஆள் டவுன்ஹில்லும் ஸ்லாலமும். நார்வேயின் பிர்கர் ரூட் டவுன்ஹில் பகுதியில் முதலிடம்; ஸ்லாலத்தில் பின்தங்கி மொத்தத்தில் நான்காம் இடம். அவர் யார் தெரியுமா? ஸ்கீ ஜம்ப்பில் அதே ஒலிம்பிக்கின் தங்கம்.

1956-இல் டோனி சைலரும் 1968-இல் ஜான்-குளோட் கில்லியும் இருந்த மூன்று பந்தயத்திலும் தங்கம் வாரினார்கள். அது இனி நடக்காது என்றே நினைக்கிறேன். 2020-க்குப் பிறகு உலகக் கோப்பையில் கம்பைண்ட் இல்லை. 2022 பெய்ஜிங்கில் ஆஸ்திரியாவின் யோஹானஸ் ஷ்ட்ரோல்ஸ் கம்பைண்ட் தங்கம் வென்றார். நாற்பது வருட இடைவெளிக்குப் பிறகு அந்தப் பந்தயம் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய 1988-இல் தங்கம் வென்றவர் அவருடைய தந்தை ஹூபர்ட். 2026 அட்டவணையில் தனிநபர் கம்பைண்ட் எடுக்கப்பட்டு, இரண்டு பேர் சேர்ந்து ஆடும் அணி கம்பைண்ட் வந்திருக்கிறது. ஒருவர் டவுன்ஹில், மற்றவர் ஸ்லாலம், நேரத்தைக் கூட்டுவார்கள். எனக்கு இது பெரிய இழப்பு. வரலாற்றின் மையத்தில் இருந்த பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள்.

#7 பெர்ன்_மயூரன்

தாஸ் ஐயா, லன் சென்னையில பிறந்தவர் எண்டது எனக்குப் புதுசு. ம்யூரன் எங்கட பள்ளத்தாக்கின்ர மற்றப் பக்கம்தான், வெங்கனுக்கு நேர் எதிர்.

ஆனா கம்பைண்ட் விசயத்தில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கடைசி வருசங்களில அது ஆருக்கும் முதல் தெரிவா இருக்கேல்லை. டவுன்ஹில்காரர் ஸ்லாலத்தில தப்பினாக் காணும் எண்டு இறங்கினவை, ஸ்லாலம்காரர் டவுன்ஹில்லில உயிரோட வந்தாக் காணும் எண்டு இறங்கினவை. 2014 சோச்சியில குரோஷியப் பயிற்சியாளர் அந்தே கோஸ்டெலிச் வச்ச ஸ்லாலம் கேட் எவ்வளவு சிக்கல் எண்டு எல்லாரும் புறுபுறுத்தவை. அவற்ற மகன் இவிட்சாவும் அதில போட்டியாளர், வெள்ளி எடுத்தவர். தங்கம் எங்கட சான்ட்ரோ வில்லெட்டா. அந்த நாள் எனக்குச் சந்தோசம்தான், ஆனா உலகத்தின்ர மிகச் சிறந்த டவுன்ஹில்லையும் மிகச் சிறந்த ஸ்லாலத்தையும் ஒரே பந்தயத்தில பார்த்தமா? இல்லை.

2025 சால்பாக் உலகப் போட்டியில அணி கம்பைண்ட் பார்த்தனீங்களா? ஃபிரான்யோ ஃபொன் ஆல்மென் டவுன்ஹில், லோயிக் மெயார் ஸ்லாலம். இரண்டு பேரும் தங்கட தங்கட வேலையில உச்சம். பெண்களில பிரீஸி ஜோன்சனும் ஷிஃப்ரினும். ஷிஃப்ரின் மேல நிண்டு ஜோன்சன் எடுத்துத் தந்த நேரத்தைக் காப்பாற்றவேணும் எண்டு இறங்கினது வேற மாதிரியான அழுத்தம்.

#8 மலர்விழி_திருச்சி

இரண்டு பேருக்கும் நடுவே ஒன்று சொல்கிறேன். எல்லா வகையிலும் ஜெயிப்பது இனி நடக்காது என்று தாஸ் ஐயா சொல்வதற்கு எதிர்ச் சான்று பெண்கள் பக்கம்தான் இருக்கிறது. குரோஷியாவின் யானிட்சா கோஸ்டெலிச் 2006-இல் ஒரே சீசனில், கம்பைண்ட்டும் சேர்த்து, ஐந்து வகையிலும் வென்றார். ஷிஃப்ரின் உலகக் கோப்பையில் எல்லா வகையிலும் வென்றவர். 2025 பிப்ரவரியில் செஸ்ட்ரியேரேயில் நூறாவது வெற்றி.

அவர் முந்திய சாதனை இங்கெமார் ஸ்டென்மார்க்கின் 86. அந்த 86-உம் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் மட்டுமே. 1979 சீசனில் ஸ்டென்மார்க் பத்து ஜயண்ட் ஸ்லாலத்தில் பத்தையும் வென்றார். ஆனால் ஒட்டுமொத்தக் கோப்பை ஸ்விஸ் வீரர் பீட்டர் லூஷருக்குப் போனது. ஒரு வகையில் எடுக்கக்கூடிய புள்ளிக்கு உச்சவரம்பு வைத்து, டவுன்ஹில் பக்கம் வராதவருக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். ஒரே ஆள் எல்லா வகையும் ஆட வேண்டும் என்ற தாஸ் ஐயாவின் கொள்கையை விதியாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம். வகைகளைக் கலந்து ஆட வீரரை அழைக்கலாம், தண்டிக்கக் கூடாது.

#9 சுபேதார்_வேலூர்

அனைவருக்கும் வணக்கம். ராணுவத்தில் இருந்தபோது குல்மர்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் ஸ்கீ பழகியவன் நான். முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி. கேட் எல்லாம் கிடையாது, மலை எப்படி இருக்கிறதோ அப்படி இறங்க வேண்டும். தாஸ் ஐயா எழுதிய லன் விளக்கம் எனக்கு உடனே புரிந்தது.

இந்தியர்கள் ஏன் பெரும்பாலும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலத்தில் இறங்குகிறார்கள் என்று யாராவது கேட்கலாம். குல்மர்க்கின் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரர், கொடி பிடித்தவரும் அவரே. ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது இடம். அன்று பனி கொட்டிக்கொண்டே இருந்தது, நிறையப் பேர் பந்தயத்தை முடிக்கவே இல்லை. தங்கம் நீங்கள் பேசும் அதே ஓடர்மாட். இரண்டு பேரும் ஒரே தடத்தில் ஒரே நாளில் இறங்கினார்கள் என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

டவுன்ஹில் நடத்த மலையின் ஒரு பக்கத்தையே பல நாள் மூட வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பாதுகாப்பு வலை, மீட்புக் குழு, பயிற்சி ஓட்டங்களுக்குத் தனி நாட்கள். ஸ்லாலத்துக்கு இருநூறு மீட்டர் இறக்கமும் கம்பங்களும் துளையிடும் கருவியும் போதும். ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளி வரம்பும் வேக வகைகளில் மிகக் கடுமை. எளிய நாட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசல் அந்த இரண்டு வகைதான். அதனால் ஸ்லாலத்தை யாரும் குறைத்துப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#10 பெர்ன்_மயூரன்

சுபேதார் ஐயா, ஸ்லாலத்தைக் குறைச்சுச் சொல்லேல்லை. ஆரிஃப் கான் அந்தப் பனிக்குள்ள இரண்டு ரன்னையும் முடிச்சவர் எண்டதே பெரிய விசயம்.

#11 செந்தில்_கோவை

இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ராஜன் அண்ணா, கடைசியாக ஒன்று. உங்கள் கிளப்பில் சின்னப் பிள்ளைகளே இப்படிப் பிரிந்துதான் வருகிறார்களா? எந்த வயதில், எதை வைத்து ஒருவர் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று முடிவாகிறது?

#12 இன்ஸ்புருக்_ராஜன்

இல்லை செந்தில். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம், கொஞ்சம் சூப்பர்-ஜி எல்லாம் கலந்துதான் ஆடுகிறார்கள். டவுன்ஹில் அதற்குப் பிறகுதான். தாஸ் ஐயா தேடும் முழுமையான வீரரை எங்கள் மலையில் பார்க்க வேண்டுமானால் அந்த வயதில் பார்க்கலாம்.

பிரிவது 17, 18-இல். உடல்வாகு ஒரு காரணம், அக்கா சொன்னதுபோல. எதற்கும் அஞ்சாத மனசு இன்னொன்று; அதைப் பயிற்சியாளர்கள் முதல் சூப்பர்-ஜியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை அதிகம் தீர்மானிப்பது நாட்காட்டியும் பணமும். நான்கு வகை ஆடினால் நான்கு விதமான ஸ்கீ, ஒவ்வொன்றிலும் பயிற்சிக்குத் தனி, பந்தயத்துக்குத் தனி ஜோடி. கோடையில் பனியாற்றில் பயிற்சி நாட்கள் குறைவு. அதை நான்காகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது சொற்பம். உலகக் கோப்பை அட்டவணையும் வேகக்காரர்களை ஒரு ஊருக்கும் ஸ்லாலம்காரர்களை இன்னொரு ஊருக்கும் அனுப்புகிறது. திறமை இருந்தும் அந்த இடத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் விருப்பம், இருபது வயது வரைக்குமாவது சூப்பர்-ஜியும் ஸ்லாலமும் சேர்ந்த தனிநபர் கம்பைண்ட்டை இளையோர் போட்டிகளில் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும். மயூரன், இதற்கு உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.

#13 பெர்ன்_மயூரன்

இளையோருக்கு எண்டா முழுச் சம்மதம் அண்ணா. பெரியவைக்கு அணி கம்பைண்ட்தான்.